இணையவழிக் கால்பந்து நிகழ்பட ஆட்டத்தில் சுணக்கமும் நடுவுநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்து நிகழ்பட ஆட்டங்கள் இன்று பெரிதும் இணையவழியே ஆடப்படுகின்றன. ஒருவரையொருவர் காணாத இருவர் ஒரே ஆடுகளத்தில், ஒரே பந்திற்காகப் போட்டியிடுகின்றனர். ஆயினும் அவ்விருவரும் ஒரே கணத்தில் ஆடுவதில்லை. விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடையே சுணக்கம் என்னும் கால இடைவெளி அமைகின்றது. இச்சுணக்கம் வெறும் தொழில்நுட்பக் குறைபாடன்று; அதனை யார் சுமப்பது என்று முடிவு செய்யும் வலையமைப்பு, எழுதப்படாத ஆட்ட விதியாகவே செயற்படுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. கால்பந்தாட்டத்தின் தன்மை, வலையமைப்பு முறைகள், எதிராளியைத் தெரிவு செய்யும் முறை, தோல்விக்குக் காரணம் காண்பதில் உள்ள இடர்ப்பாடு ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கால்பந்து, நிகழ்பட ஆட்டம், இணையவழி ஆட்டம், சுணக்கம், வழங்கி, நடுவுநிலை.

முன்னுரை

வீடியோ கேம் என மக்கள் வழக்கில் வழங்கும் நிகழ்பட ஆட்டம், விளையாட்டு, கணினியியல், வணிகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் களமாகும். தமிழ்ச் சூழலில் இவ்வாட்டங்கள் பற்றிய உரையாடல் பெரும்பாலும் அடிமைத்தனம், இளையோர் ஒழுக்கம் என்னும் கோணங்களிலேயே நிகழ்கின்றது. ஆட்டத்தின் உள்ளமைப்பு எவ்வாறு இயங்குகின்றது, அது ஆடுவோரின் அனுபவத்தை எவ்வாறு உருவாக்குகின்றது என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்படுகின்றன.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கைய்வா 1958இல் வெளியிட்ட நூலில் ஆட்டங்களைப் போட்டி, வாய்ப்பு, பாவனை, தலைச்சுற்றல் என நான்காக வகுத்தார். போட்டிவகை ஆட்டங்களில் தொடக்கநிலைச் சமத்துவம் செயற்கையாக உருவாக்கப்படுகின்றது. அச்சமத்துவமே வெற்றிக்குப் பொருள் தருகின்றது. வாய்ப்புவகை ஆட்டங்களிலோ ஆடுபவரின் திறனுக்கு இடமில்லை. கால்பந்து போட்டிவகையைச் சார்ந்தது. அது இணையத்திற்குள் நுழையும்போது, அதன் சமத்துவம் எந்த அளவிற்குக் காக்கப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் மைய வினாவாகும். திருக்குறளின் 12ஆம் அதிகாரத் தலைப்பான நடுவு நிலைமையை ஒட்டி, இச்சமத்துவம் இங்கு நடுவுநிலை எனச் சுட்டப்படுகின்றது.

இணையவழிக் கால்பந்தாட்டத்தின் வளர்ச்சி

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1993இல் ஃபிஃபா என்னும் பெயரில் தனது கால்பந்து ஆட்டத் தொடரைத் தொடங்கியது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்புடனான பெயர் உரிம ஒப்பந்தம் முடிவுற்றபின், 2023 செப்டம்பரில் இத்தொடர் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்னும் பெயரைப் பெற்றது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் வின்னிங் இலெவன், ப்ரோ எவல்யூஷன் சாக்கர் என்னும் பெயர்களில் வெளியிட்டுவந்த தொடர், 2021இல் இ-ஃபுட்பால் என்னும் கட்டணமற்ற ஆட்டமாக மாறியது.

தொடக்கக் காலத்தில் இவ்வாட்டங்கள் ஒரே அறையில், ஒரே திரையின்முன் அமர்ந்து ஆடப்பட்டன. எதிராளி பக்கத்தில் அமர்ந்திருப்பார். இருவர் கையிலுள்ள கருவிகளும் ஒரே இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். இருவருக்கும் ஒரே காலம், ஒரே திரை. 2009இல் அறிமுகமான அல்டிமேட் டீம் என்னும் பிரிவு, வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைத்து முன்பின் அறியாதாருடன் இணையவழி மோதும் முறையைப் பரவலாக்கியது. 2016இல் வெளிவந்த ஃபிஃபா 17இல் வார இறுதிப் போட்டிமுறை சேர்க்கப்பட்டது. ஒரு வார இறுதியில் 40 ஆட்டங்கள் வரை அதில் ஆட வேண்டியிருந்தது. 2021இல் வெளிவந்த பதிப்பில் அவ்வெண்ணிக்கை 20 ஆகக் குறைந்தது. ஆட்ட முடிவுகள் பரிசுகளுடன் இணைக்கப்பட்டதால், ஒவ்வொரு தோல்விக்கும் விலை உண்டாயிற்று.

2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் மைதானங்கள் மூடப்பட்டபோது இவ்வாட்டம் மெய்யான கால்பந்திற்கு மாற்றாகவே நின்றது. அவ்வாண்டு மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு லா லிகா அணிகளின் வீரர்கள் இணையவழி மோதிய தொடரில், ரியல் மாட்ரிட் அணிக்காக ஆடிய மார்கோ அசென்சியோ வென்றார். ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடத்திய தொடரின் இறுதியாட்டத்தில் டியோகோ ஜோட்டா, ட்ரெண்ட் அலெக்சாண்டர்-அர்னால்டை வென்றார். கூடுதல் நேரத்தில் முதலில் கோல் அடிப்பவரே வெல்வார் என்னும் முறையில் அவ்வாட்டம் முடிவானது. ஒரே ஒரு கோல் முடிவைத் தீர்மானிக்கும் இத்தகைய ஆட்டத்தில், ஒரு கணத்தின் சிறு பகுதியும் முதன்மை பெறுகின்றது.

சுணக்கம்: பொருளும் அளவும்

ஆடுபவர் கைக்கருவியின் விசையை அழுத்தும்போது அச்செய்தி தரவுப் பொதியாக மாறி, இணையத்தின் வழியே வழங்கி எனப்படும் மையக் கணினிக்குச் செல்கின்றது. அங்கிருந்து விளைவு திரும்பி வந்து திரையில் தோன்றுகின்றது. இச்சுற்றுப் பயணத்திற்கு ஆகும் நேரமே வலையமைப்புச் சுணக்கம் ஆகும். ஆடுவோர் வழக்கில் இது லேக் எனப்படும்.

சுணக்கத்திற்கு இயற்பியல் வகுத்த கீழ்வரம்பு உண்டு. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையேயான நேர்த்தொலைவு ஏறத்தாழ 10,800 கிலோமீட்டர். நேர்கோட்டில் இழை அமைந்திருப்பதாகக் கொண்டாலும், போய்வர 108 மில்லிநொடி ஆகும். லண்டனுக்கும் ஃபிராங்பர்ட்டுக்கும் இடையேயான ஏறத்தாழ 640 கிலோமீட்டருக்கு இது 6 மில்லிநொடி அளவே. உண்மையில் இழைகள் வளைந்து செல்வதாலும், இடைநிலைக் கருவிகள் பொதிகளைக் கையாள நேரம் எடுத்துக்கொள்வதாலும் இவ்வளவுகள் மேலும் கூடும்.

ஆட்டத்தின் திரை நொடிக்கு 60 முறை மாறுவதாகக் கொண்டால், ஒரு படச்சட்டம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி நிலைக்கும். எனவே 108 மில்லிநொடி என்பது ஆறு படச்சட்டங்களுக்கும் மேலான காலம். கண்ணால் கண்டதற்கு விரலால் எதிர்வினை ஆற்ற மனிதருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி தேவைப்படுகின்றது. சுணக்கம் இதனுடன் கூடும்போது, தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைத் தட்டிப் பறிக்க வேண்டிய கணம் கடந்துவிடுகின்றது.

சராசரிச் சுணக்கத்தைவிட அதன் ஏற்ற இறக்கமே ஆடுவோரை மிகுதியாகத் தடுமாறச் செய்கின்றது. சுணக்கம் ஒரே சீராக இருப்பின் விரல்கள் அதற்குப் பழகிக்கொள்ளும். சற்று முன்னதாகவே விசையை அழுத்தக் கற்றுக்கொள்ளும். ஓர் ஆட்டத்தில் 30 மில்லிநொடியாகவும் அடுத்த ஆட்டத்தில் 90 மில்லிநொடியாகவும் அது மாறினால், கற்ற பழக்கமே பிழைக்குக் காரணமாகிவிடும். ஆடுவோர் சிலர் கம்பியில்லா இணைப்பைத் தவிர்த்துக் கம்பி இணைப்பை நாடுவதன் காரணமும் இதுவே. கம்பி, தொலைவைக் குறைப்பதில்லை. ஏற்ற இறக்கத்தையே குறைக்கின்றது.

பந்து ஒன்றே என்னும் சிக்கல்

இணையவழிச் சுடும் ஆட்டங்கள் சுணக்கத்தை மறைக்கும் வழியை முன்னரே கண்டறிந்தன. 1996இல் வெளிவந்த குவேக்வேர்ல்டில், வழங்கியின் விடைக்காகக் காத்திராமல் ஆடுபவரின் நகர்வை அவரது கணினியே முன்கணித்துக் காட்டும் முறை அமைந்தது. சுடும் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் உடலைத் தாமே இயக்குகின்றனர். தம் நகர்வு பெரும்பாலும் பிறரைச் சார்ந்திராது. ஆகவே முன்கணிப்பு பெரும்பாலும் சரியாகவே அமைகின்றது.

கால்பந்தின் நிலை வேறு. களத்தில் இருபத்திருவர் இருப்பினும் பந்து ஒன்றே. ஒருவர் பந்தைக் கடத்த விசையை அழுத்தும் அதே கணத்தில் எதிராளி குறுக்கே கால் நீட்டக்கூடும். பந்து எங்கே சென்றது என்பதை இருவரின் செயலையும் அறியாமல் முடிவு செய்ய இயலாது. ஒருவரின் கணினி முன்கணித்துப் பந்தைக் கடத்தியதாகக் காட்டிவிட்டு, எதிராளியின் செய்தி வந்தபின் பந்தைப் பின்னுக்கு இழுத்தால், ஆட்டத்தின் மீதுள்ள நம்பகம் சிதையும்.

மேலும், ஆடுபவர் ஒரு நேரத்தில் ஒரு வீரரையே நேரடியாக இயக்குகின்றார்; ஏனைய பதின்மரைக் கணினி இயக்குகின்றது. பந்து செல்லும் திசைக்கேற்ப, தாம் இயக்கும் வீரரை அவர் இடையறாது மாற்ற வேண்டும். இம்மாற்றச் செய்தியும் சுணக்கத்திற்கு உட்பட்டதே. விசையை அழுத்திவிட்டு, மாற்றம் நிகழ்ந்தது எனக் கருதித் திசைக்குச்சியைத் திருப்பினால், பழைய வீரரே அத்திசையில் ஓடித் தற்காப்பு வரிசையைக் குலைத்துவிடுவார். சுணக்கம் இங்குத் தாமதமாக மட்டுமன்றி, தவறான வீரரின் தவறான செயலாகவும் வெளிப்படுகின்றது.

எல்லாச் செயல்களையும் சுணக்கம் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதும் கருதத்தக்கது. கோலை நோக்கி உதைக்கும் வீரர் காலைப் பின்வாங்கி வீசும் அசைவுக்கே சிறிது நேரம் ஆகின்றது. அவ்வசைவுக்குள் சுணக்கம் ஓரளவு மறைந்துவிடுகின்றது. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு திடீரெனத் திசை மாறுதலிலும், எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தலிலும் அவ்வாறு மறைய இடமில்லை. ஃபிஃபா 19 அறிமுகப்படுத்திய ஓர் உத்தி இதற்கு நல்ல சான்றாகும். உதைக்கும் கால் பந்தைத் தொடும் கணத்தில் விசையை இரண்டாம் முறை அழுத்தினால் உதையின் துல்லியம் கூடும். கணம் தவறினால் உதை கெடும். அறைக்குள் பயின்று கைவந்த இவ்வுத்தி, இணையத்தில் அதே விரலுக்கு அகப்படாமற் போகின்றது.

சுணக்கத்தைப் பங்கிடும் முறைகள்

சுணக்கத்தை ஒழிக்க இயலாது, பங்கிடவே இயலும். அதற்கான முறைகளை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, ஒருவரின் இயந்திரமே ஆட்டத்தை நடத்துவது. இதில் நடத்துபவருக்கு வலையமைப்புச் சுணக்கம் இல்லை. முழுச் சுமையும் எதிராளிக்கே. இருவரும் நேரடியாக இணைவதால் மையக் கணினிக்கான செலவு குறைகின்றது. ஆனால் நடுவுநிலை இல்லை.

இரண்டாவது, இருவரின் செய்திகளையும் ஒரே அளவு தாமதப்படுத்துவது. இருவர் அழுத்திய விசைகளும் இரு இயந்திரங்களையும் சென்றடையும் வரை காத்திருந்து, பின்னரே இரண்டும் செயற்படுத்தப்படுகின்றன. இதில் எவருக்கும் சலுகை இல்லை. எனினும் ஆட்டம் முழுவதும் கனமாகத் தோன்றும். நல்ல இணைப்புடையவரும் எதிராளியின் மோசமான இணைப்பைச் சுமக்க வேண்டும். சண்டை ஆட்டங்களில் இதற்கு மாற்றாக, எதிராளியின் செயலை ஊகித்து நடத்தி, ஊகம் பிழைத்தால் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் திருத்தும் முறை வழக்கில் உள்ளது. இருவர் மட்டுமே மோதும் அவ்வாட்டங்களோடு ஒப்பிட, இருபத்திருவரையும் பந்தையும் ஒரு படச்சட்டத்திற்குள் மீளக் கணக்கிடுவது பெருஞ்செலவுடையது.

மூன்றாவது, நடுவில் தனி வழங்கி அமைப்பது. வழங்கியே நடுவராக நின்று இருவரின் செய்திகளையும் பெற்று முடிவுரைக்கின்றது. ஏமாற்றுதலைத் தடுக்கவும் இது உதவுகின்றது. எனினும் வழங்கி ஓர் ஊரில்தான் இருக்க இயலும். அவ்வூருக்கு அருகில் வாழ்பவரின் செய்தி விரைந்தும், தொலைவில் வாழ்பவரின் செய்தி தாழ்ந்தும் சேரும். அருகிலிருப்பவரின் செய்தியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி இருவரையும் சமன் செய்யலாம். அவ்வாறு செய்தால் அவரது அனுபவம் குறைவுபடும்.

இம்மூன்றில் எதனைத் தெரிவு செய்வது என்பது பொறியியல் முடிவாகத் தோன்றினும், யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்னும் அறவினாவிற்கான விடையாகவே அது அமைகின்றது. மிகக் குறைந்த சுணக்கம் என்பதும் சமமான சுணக்கம் என்பதும் வெவ்வேறு குறிக்கோள்கள். ஒன்றை அடைய மற்றதை ஓரளவு விட்டுக்கொடுக்க நேர்கின்றது.

எதிராளியைத் தெரிவு செய்தல்

ஆடுபவர் போட்டியை நாடும்போது எதிராளியை அமைப்பே தேர்ந்து தருகின்றது. சதுரங்கத்தில் ஆர்பாட் எலோ உருவாக்கிய தரவரிசை முறை 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பால் ஏற்கப்பட்டது. அதன் அடிப்படைக் கருத்து இணையவழி ஆட்டங்களுக்கும் வழிகாட்டியாயிற்று. சமதிறன் உடையோரை மோதவிடுவதே அதன் நோக்கம்.

இணையத்தில் மேலும் இரு நோக்கங்கள் சேர்கின்றன. ஒன்று, எதிராளி அருகில் இருக்க வேண்டும். மற்றொன்று, காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும். ஆடுவோர் பெருந்திரளாக உள்ள மேற்கு ஐரோப்பிய நகரொன்றில் இம்மூன்றும் ஒருங்கே நிறைவேறலாம். ஆடுவோர் குறைந்த பகுதியில் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும். சமதிறனுடைய எதிராளி வேண்டுமெனில் அவர் தொலைவில் இருப்பார். அருகிலிருப்பவர் வேண்டுமெனில் அவர் திறன் பொருந்தாது. நள்ளிரவில் ஆடுவோர் எண்ணிக்கை குறையும்போது இந்நெருக்கடி மேலும் கூடும். மிகு திறனுடையோருக்கும் இதே நிலை. தரவரிசையின் உச்சியில் எண்ணிக்கை குறைவாதலால் தொலைவிலுள்ள எதிராளிகளையே அவர்கள் சந்திக்க நேரும். ஆக, திறன் வளர வளரச் சுணக்கமும் வளரும் முரண்நிலை உருவாகின்றது.

தோல்விக்குக் காரணம் காணல்

அல்டிமேட் டீம் ஆட்டத்தில் ஒரு பாதி ஏறத்தாழ 6 நிமிடம். 90 நிமிட ஆட்டம் 12 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. கோல் வாய்ப்புகள் சிலவே அமையும். ஒரு வாய்ப்பு தவறினால் ஆட்டமே கைநழுவும். இந்நிலையில் தோற்றவர் முன் மூன்று காரணங்கள் நிற்கின்றன: தம் திறன் குறைவு, வலையமைப்பின் சுணக்கம், ஆட்டத்தின் மறைவான வடிவமைப்பு. இம்மூன்றையும் பிரித்தறியும் சான்று அவரிடம் இல்லை.

மூன்றாம் காரணம் பற்றிய ஐயம் நீதிமன்றம் வரை சென்றது. ஆடுபவரின் நிலைக்கேற்ப ஆட்டத்தின் கடினத்தைத் தானே மாற்றும் முறை குறித்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டிருந்தனர். நிறுவனம் காப்புரிமையும் நாடியிருந்தது. இம்முறை கால்பந்து ஆட்டத்திலும் மறைவாகப் பயன்படுவதாகக் குற்றஞ்சாட்டி 2020 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் அதனை மறுத்தது. தொழில்நுட்ப விவரங்களையும் பொறியாளர்களை வினவும் வாய்ப்பையும் அளித்தது. 2021இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்விலிருந்து அறியத்தக்கது ஒன்று உண்டு. விளக்கம் கிடைத்தபின் வழக்கு விலகியது. ஆனால் அத்தகைய விளக்கம் வழக்குத் தொடுத்தோருக்கே கிட்டியது. ஏனைய ஆடுவோர் தம் தோல்விக்கான காரணத்தை ஊகிக்கவே வேண்டியுள்ளது. சுணக்கத்தால் கால் தாழ்ந்த வீரரும், திட்டமிட்டுத் தளர்த்தப்பட்ட வீரரும் திரையில் ஒரே போலத் தோன்றுவர். எனவே சுணக்கம் ஆட்டத்தைக் கெடுப்பதோடு நில்லாமல், ஆட்டத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் கெடுக்கின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. தன் பிழையால் தோற்றவர் எளிதில் சுணக்கத்தின் மீது பழி சுமத்தலாம். காரணம் அறிய இயலாத இடத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் மங்குகின்றது. தோல்வியிலிருந்து கற்றல் என்பது போட்டிவகை ஆட்டத்தின் உயிர்நிலை. அக்கற்றல் நிகழ, எது தன் பிழை என்பது தெளிவாக வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுதலும் இவ்வகைச் சிக்கலே. தோற்கும் நிலையில் இணைப்பைத் துண்டித்துத் தப்ப முயல்வோரைத் தடுக்க, விலகியவருக்குத் தோல்வி வழங்குதல் பொது வழக்கம். மின்வெட்டால் விலகியவரும், வேண்டுமென்றே விலகியவரும் வழங்கியின் பார்வையில் ஒருவரே. உள்ளக்கருத்தை அறிய இயலாத நடுவர், விளைவை மட்டுமே கண்டு தீர்ப்பளிக்கின்றார்.

திசைமாற்ற விதியும் நடுவுநிலையும்

மெய்யான கால்பந்திலும் முழுச் சமத்துவம் இல்லை. காற்று ஒரு பக்கமாக வீசும், வெயில் ஒருவர் கண்ணிலேயே விழும், தரை சாய்ந்திருக்கும். இவற்றை ஒழிக்க இயலாது என்பதைக் கால்பந்து விதிகளை வகுத்தோர் அறிந்திருந்தனர். 1863இல் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் வகுத்த விதிகளில், ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் அணிகள் திசை மாற வேண்டும் என இருந்தது. பின்னர் அது இடைவேளையில் திசை மாறும் இன்றைய வழக்காயிற்று. சொந்த மண்ணில் ஆடுவதன் சலுகையை ஈடுசெய்யவே, பல தொடர்களில் இரு அணிகளின் ஊர்களிலும் தலா ஓர் ஆட்டம் நடத்தப்படுகின்றது. சமமின்மையை நீக்க இயலாதபோது அதனை முறை மாற்றிச் சுமத்துதல் என்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

இணையவழி ஆட்டத்தில் இடைவேளைக்குப்பின் அணிகள் திரையில் திசை மாறுகின்றன. ஆனால் அங்கே காற்றும் வெயிலும் எவருக்கும் இடையூறு செய்வதில்லை. இடையூறு செய்வது வழங்கியின் தொலைவு. அத்தொலைவு திசை மாறுவதில்லை. விதியின் வடிவம் பின்பற்றப்படுகின்றது. அதன் நோக்கம் விடுபடுகின்றது. முதன்மையான பரிசுப் போட்டிகளின் இறுதிச் சுற்றுகளுக்கு ஆடுவோரை ஒரே அரங்கில் கூட்டுவது, தொலைவு ஏற்படுத்தும் சமமின்மையை நீக்கும் வழியாகவும் அமைகின்றது. உலகப் போட்டியின் 2018 இறுதிச் சுற்று லண்டனின் ஓ2 அரங்கில் நடைபெற்றது. அரங்கிற்கு வரும் சிலருக்குக் கிட்டும் அச்சமத்துவம், தத்தம் இல்லத்திலிருந்து ஆடும் பெருந்திரளுக்குக் கிட்டுவதில்லை.

செய்யத்தக்கன சில உள. ஒவ்வோர் ஆட்டத்தின் இறுதியிலும் இருவரின் சுணக்க அளவையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் இருவருக்கும் காட்டலாம். தொலைவிலுள்ள எதிராளியை ஏற்பதா, மேலும் காத்திருப்பதா என்னும் தெரிவை ஆடுபவரிடமே விடலாம். ஒரே இணையினர் இரு ஆட்டங்கள் ஆடும் தொடர்களில், முதல் ஆட்டத்தை ஒருவருக்கு அருகிலுள்ள வழங்கியிலும் அடுத்ததை மற்றவருக்கு அருகிலுள்ள வழங்கியிலும் நடத்தலாம். இறுதியாகச் சொன்னது திசைமாற்ற விதியின் இணைய வடிவமாகும்.

முடிவுரை

இணையவழிக் கால்பந்து நிகழ்பட ஆட்டத்தில் சுணக்கம் தவிர்க்க இயலாத இயற்பியல் நிலை. பந்து ஒன்றே என்னும் கால்பந்தின் அடிப்படைத் தன்மையால், பிற ஆட்டங்கள் கையாளும் மறைப்பு உத்திகள் இங்கு முழுமையாகப் பயன்படுவதில்லை. ஆகவே சுணக்கத்தை யாரிடம், எவ்வளவு சுமத்துவது என்பதை வலையமைப்பு முறையே முடிவு செய்கின்றது. எந்த விதிநூலிலும் இடம்பெறாத அம்முடிவு, ஆட்டத்தின் போக்கை விதிகளைப் போலவே ஆளுகின்றது. அதனால் போட்டிக்குரிய ஆட்டத்துள் வாய்ப்பின் கூறு புகுகின்றது; புகுந்ததன் அளவை ஆடுபவர் அறிய வழியும் இல்லை.

சுணக்கத்தை முற்றிலும் நீக்குமாறு கோருதல் இயற்கைக்கு மாறானது. சுணக்கத்தை வெளிப்படையாகக் காட்டுமாறும், இயன்ற இடங்களில் முறைமாற்றிப் பகிருமாறும் கோருதல் கால்பந்தின் பழைய விதிகளுக்கு இயைந்ததே. தோற்றவர் தாம் ஏன் தோற்றோம் என அறிந்து எழும் நிலை அமைந்தால்தான், திரையில் ஆடப்படுவதும் கால்பந்து எனப் பெயர் பெறத் தகும்.